அதபும் மஃதுபாவும்: இஸ்லாமிய நாகரிகத்தில் உணவொழுங்கும் பழக்கப் பயிற்சியும்

நல்லொழுக்கத்தைக் குறிக்கும் ‘அதப்’ என்னும் அரபுச் சொல்லும், விருந்தைக் குறிக்கும் ‘மஃதுபா’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த மொழியறிஞர் இப்னு மன்ளூர், தமது ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியில் இவ்விரண்டையும் ‘அழைத்தல்’ என்ற பொருளால் இணைத்துக் காட்டுகிறார். மக்களை உணவின்பால் அழைப்பது மஃதுபா. புகழுக்குரிய பண்புகளின்பால் அழைப்பது அதப். உணவு விரிப்பும் ஒழுக்கமும் அரபு மொழியின் அடித்தளத்திலேயே அருகருகே அமர்ந்திருக்கின்றன.

இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை எழுதுவோர் ஆட்சிகளையும் வெற்றிகளையும், வானியலையும் கணிதத்தையும் விரிவாகப் பேசுகின்றனர். ஒரு மனிதன் நாள்தோறும் எவ்வளவு உண்டான், யாருடன் அமர்ந்து உண்டான், தன் குறைகளை எவ்வாறு திருத்திக்கொண்டான் என்ற வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை எழுந்த நூல்களைப் புரட்டினால், மருத்துவர், இலக்கியவாணர், சந்தைக் கண்காணிப்பு நூலார், ஆன்மிக அறிஞர், வரலாற்றாசிரியர் எனப் பலதரப்பட்டோரும் இவ்விஷயத்தை எழுதியிருப்பதைக் காண்கிறோம். அவர்களுடைய எழுத்துகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. உடல்நலம், உணவின் அளவு, பிறருடன் பழகும் முறை ஆகிய மூன்றும் அவர்கள் பார்வையில் ஒரே பயிற்சியின் மூன்று முகங்கள். அப்பயிற்சி நாள்தோறும் சிறுகச் சிறுகச் செய்யப்பட வேண்டியது. இக்கருத்து வளர்ந்த வரலாற்றையும், அது நம்மிடையே சிதறிப்போன விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தட்டில் பல கைகள்

இதன் தொடக்கம் மதீனாவில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது, உணவுத் தட்டின் எல்லாப் பக்கங்களிலும் அவருடைய கை அலைந்ததாம். அல்லாஹ்வின் பெயர் கூறுமாறும், வலக்கையால் உண்ணுமாறும், தமக்கு அருகிலுள்ளதை எடுத்துக்கொள்ளுமாறும் நபியவர்கள் அச்சிறுவருக்குக் கற்பித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள செய்தி இது. இம்மூன்றில் முதலாவது இறைவனோடும், இரண்டாவது தன்னோடும், மூன்றாவது உடன் உண்பவனோடும் தொடர்புடையது. ஒரு குழந்தைக்குச் சொன்ன சிறிய அறிவுரையில் மூன்று உறவுகளும் அடங்கிவிட்டன.

வயிற்றின் அளவைப் பற்றிய வழிகாட்டலும் அவ்வாறே. முதுகை நிமிர்த்தப் போதுமான சில கவளங்களே மனிதனுக்குப் போதும். அதைவிட மிகுதியாக உண்டே தீர வேண்டுமானால், வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவிக்கத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். மூன்றில் ஒரு பங்கு என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். செய்தியைக் கூர்ந்து நோக்கினால் அது மேல் எல்லை என்பது விளங்கும். இருவரின் உணவு மூவருக்குப் போதுமானது என்னும் மற்றொரு நபிமொழி, அளவைக் குறைக்கும் பயிற்சியைப் பகிர்தலோடு பிணைக்கிறது. உண்டும் வயிறு நிரம்பவில்லை என்று முறையிட்டவர்களிடம், தனித்தனியே உண்கிறீர்களோ என வினவி, சேர்ந்து உண்ணுமாறு நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு.

திருக்குர்ஆனும் உணவைச் சமூக ஒழுங்கின் நடுவிலேயே வைத்துப் பேசுகிறது. உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து வீண்விரயத்தை மட்டும் விலக்குகிறது 7:31ஆம் வசனம். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் பிறருடன் அமர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று கூறும் 24:61ஆம் வசனம், சேர்ந்தோ தனித்தோ உண்ணலாம் என்ற சலுகையையும் அளிக்கிறது. ஸைனப் (ரலி) அவர்களின் திருமண விருந்துக்கு வந்தவர்களில் சிலர் உண்டு முடித்த பின்னரும் பேச்சில் இலயித்து அமர்ந்திருந்தனர். எழுந்து செல்லுமாறு சொல்ல நபியவர்கள் நாணினார்கள். அச்சூழலில் இறங்கிய 33:53ஆம் வசனம், விருந்து முடிந்ததும் கலைந்துவிட வேண்டும் என்ற நாகரிகத்தைக் கற்பித்தது. விருந்தாளி எப்போது எழ வேண்டும் என்பதும் வேதம் கவனித்த விஷயமாக இருந்திருக்கிறது.

மருத்துவர்கள் வகுத்த ஆறு

அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. அப்பணியின் தலைமகனான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு: ஹி. 260 / கி.பி. 873) கிறிஸ்தவர். அவரும் அவருடைய குழுவினரும் ஜாலீனூஸ் (கேலன்) எழுதியவற்றைப் பெருமளவில் அரபுக்குக் கொணர்ந்தனர். அவ்வழியே ஒரு பகுப்பு முஸ்லிம் உலகில் நிலைபெற்றது. மனிதன் தவிர்க்க இயலாத ஆறு விஷயங்கள் அவனுடைய நலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதே அது. சூழ்ந்துள்ள காற்று, உணவும் நீரும், உறக்கமும் விழிப்பும், அசைவும் ஓய்வும், கழிவுகள் வெளியேறுதலும் தங்குதலும், உள்ளத்தின் உணர்வுகள் என்பன அவை. அரபு மருத்துவர்கள் இவற்றை ‘அல்-உமூருஸ் ஸித்தத்துள் ளரூரிய்யா’, அதாவது இன்றியமையாத ஆறு காரியங்கள் என்றழைத்தனர். இதன் வேர் கிரேக்க நாட்டில் இருக்கிறது என்பதை மறைக்க அக்கால அறிஞர் எவரும் முயலவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. கோபமும் கவலையும் உணவோடும் உறக்கத்தோடும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன என்பதே இங்கு நமக்கு முக்கியம்.

பல்க் நகருக்கு அருகில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு: ஹி. 322 / கி.பி. 934) இதை முழுமையான திட்டமாக விரித்தார். அவருடைய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலின் பெயரே ‘உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும்’ என்று பொருள்படும். முதற்பகுதியின் 14 அத்தியாயங்கள் உறைவிடம், உணவு, பானம், உறக்கம், குளியல், உடற்பயிற்சி முதலியவற்றை ஆராய்கின்றன. இரண்டாம் பகுதியின் 8 அத்தியாயங்கள் சினம், அச்சம், துயரம், ஊசலாடும் தீய எண்ணங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்கின்றன. மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன். ஒன்றின் நோய் மற்றதைத் தாக்கும். ஆயினும் மருத்துவர்கள் உள்ளத்தைக் கவனியாது விடுகின்றனர் என்பது பல்கீயின் குறை. திடீர் நோய்க்கென மருந்துகளை வீட்டில் முன்கூட்டியே வைத்திருப்பது போல, உள்ளம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். சினம் மூண்ட பின் அறிவுரை தேடுவது காலங்கடந்த செயல் என்பதே இதன் உட்பொருள்.

அதே தலைமுறையைச் சேர்ந்த அபூபக்ர் அர்-ராஸீ (மறைவு: ஹி. 313 / கி.பி. 925) உணவுப் பொருள்களின் பயன்களையும் அவற்றின் தீங்கைத் தவிர்க்கும் வழிகளையும் பற்றித் தனிநூல் எழுதினார். ரய் நகர ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்குக்காக ‘அல்-மன்ஸூரீ’ என்ற மருத்துவ நூலை இயற்றியவர், அதற்கு இணையாக ‘அத்-திப்புர் ரூஹானீ’ என்னும் உள மருத்துவ நூலையும் 20 அத்தியாயங்களில் யாத்தார். பெருந்தீனியைக் கண்டிக்கும் அத்தியாயமும், தன் குறைகளைத் தானே காண இயலாத மனிதன் நம்பகமான நண்பனிடம் அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்னும் அத்தியாயமும் அந்நூலில் உள்ளன. வயிற்றைத் திருத்தும் நூலிலேயே நட்பைத் திருத்தும் வழியும் சொல்லப்பட்டிருக்கிறது.

இப்னு ஸீனா (ஹி. 370–428 / கி.பி. 980–1037) தமது ‘அல்-கானூன்’ பெருநூலில் நலம் பேணும் முறையை வரிசைப்படுத்தும்போது முதலில் உடற்பயிற்சியையும், அடுத்து உணவையும், பின்னர் உறக்கத்தையும் வைக்கிறார். பசி முற்றிலும் அடங்குமுன் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் அவருடைய அறிவுரை.

இந்த அறிவைச் சாதாரண வாசகனுக்குக் கொண்டு சென்றவர் பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் (மறைவு: ஹி. 458 / கி.பி. 1066). நீண்ட வாதங்களைக் கேட்டு மக்கள் சலித்துவிட்டனர். அவர்களுக்குப் பயனே தேவை என்று கருதிய அவர், ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்னும் நூலை 40 அட்டவணைகளாக அமைத்து, 280 விஷயங்களை அவற்றில் அடக்கினார். பழம், தானியம், இறைச்சி ஆகியவற்றோடு உறக்கம், மகிழ்ச்சி, சினம், இரவு நேர உரையாடல் முதலியனவும் அட்டவணைக் கட்டங்களில் இடம்பெற்றன. ஸிஸிலி மன்னர் மான்ஃப்ரெட் (ஆட்சி: 1258–1266) அவையில் இது இலத்தீனுக்குச் சென்றது. ‘தக்வீம்’ என்ற அரபுச் சொல்லே ‘தாக்குவினும்’ எனத் திரிந்து நூலின் பெயராயிற்று. 1531இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சேறியது. யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் (1138–1204), ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் அல்-மலிக்குல் அஃப்ளலுக்காக எழுதிய நலம் பேணும் நூலும் இம்மரபின் கிளையே. அஜீரணத்தோடு மனச்சோர்வும் கொண்டிருந்த அந்த இளவரசருக்கு உணவு முறையோடு உள்ளத்தைப் பண்படுத்தும் வழியையும் அவர் எழுதிக் கொடுத்தார். மூன்று சமயத்தவரும் ஒரே மொழியில் ஒரே அறிவை வளர்த்த காலம் அது.

நகைப்பும் நாகரிகமும்

ஒழுக்கம் போதிக்கப்பட்ட இடத்தில் ஒழுக்கக்கேடும் இருந்திருக்கும் என்பதை வரலாற்று மாணவன் மறக்கலாகாது. அல்-ஜாஹிள் (மறைவு: ஹி. 255 / கி.பி. 868/69) தமது ‘கிதாபுல் புகலா’வில் உலோபிகளை நகையாடும்போது, உணவு விரிப்பில் முறை தவறுவோருக்கு இடப்பட்டிருந்த பட்டப்பெயர்களையும் பட்டியலிடுகிறார். முதற்கவளத்தை விழுங்குமுன் அடுத்ததை வாயில் திணிப்பவனுக்கு ஒரு பெயர். கையைச் சரிவரக் கழுவாமல் துடைக்கும் துணியில் தேய்த்துவிடுபவனுக்கு மற்றொரு பெயர். அறிவுரையால் திருந்தாதவன் நகைப்பால் திருந்தலாம் என்பது இலக்கியவாணரின் வழி. அல்-வஷ்ஷா (மறைவு: ஹி. 325 / கி.பி. 937) தமது ‘அல்-முவஷ்ஷா’வில் பக்தாத் நகரத்து நயத்தக்க நாகரிகர் சிறு கவளங்களாக உண்பர் என எடுத்துரைக்கிறார்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு ஸய்யார் அல்-வர்ராக்கின் ‘கிதாபுத் தபீக்’ 132 அத்தியாயங்கள் கொண்ட சமையல் நூல். கலீஃபாக்களின் அடுக்களை உணவுகளைச் சொல்லும் அந்நூலில், உணவுப் பொருள்களின் குணங்களும், கை கழுவும் முறையும், பல் குத்தும் குச்சியும், உணவுக்கு முன் உடற்பயிற்சியும், உணவுக்குப் பின் ஓய்வும் கூட இடம்பெற்றுள்ளன. அக்காலத்தவர் சமையற்கலை, மருத்துவம், ஒழுக்கவியல் என்று சுவர் எழுப்பிக்கொள்ளவில்லை.

தனிமனித ஒழுக்கத்தைச் சந்தையும் தாங்கி நின்றது. கி.பி. 12ஆம் நூற்றாண்டின் சிரியாவில் அஷ்-ஷைஸரீ எழுதிய ‘ஹிஸ்பா’ நூல், மாவு பிசைபவன் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது என்று விதிக்கிறது. தும்மலோ பேச்சோ மாவில் எச்சிலைத் தெறிக்கும் என்பதால் அவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நெற்றியில் வியர்வையை உறிஞ்சும் வெண்துணி கட்ட வேண்டும். கை மயிரை மழித்திருக்க வேண்டும். பகல் வேளையில் ஈ ஓட்ட ஒருவன் அருகில் நிற்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ‘முஹ்தஸிப்’ என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் கையில் இத்தகைய நூல் இருந்தது. நல்லுணவு உண்பது உண்பவனின் பொறுப்பு மட்டுமே என்று அச்சமூகம் விட்டுவிடவில்லை.

இமாம் கஸ்ஸாலியின் கணக்கு

இதுவரை கண்ட ஓடைகள் அனைத்தும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (ஹி. 450–505 / கி.பி. 1058–1111) அவர்களிடம் சங்கமிக்கின்றன. 40 நூல்கள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ நான்கு கால்பகுதிகளாக அமைந்தது. இரண்டாம் கால்பகுதி அன்றாட வழக்கங்களைப் பற்றியது. திருமணம், தொழில், தோழமை, பயணம் முதலியவற்றைப் பேசும் அப்பகுதியின் முதல் நூலே ‘உண்ணும் ஒழுங்குகள்’ என்பதாகும். அது நான்கு அத்தியாயங்களாக விரிகிறது: தனியே உண்பவனுக்குரியவை, பலரோடு உண்பவனுக்குரியவை, காண வந்த சகோதரர்களுக்கு உணவு அளித்தல், விருந்தோம்பல். தனியறையில் தொடங்கி ஊர் விருந்தில் முடியும் இவ்வரிசையே ஒரு பாடம்.

பலரோடு உண்ணும்போது உடனிருப்பவரை விட மிகுதியாக எடுத்துக்கொள்ளலாகாது; அவர்கள் கூச்சப்படும்படி அவர்கள் உண்பதை உற்றுநோக்கலாகாது; தான் முதலில் கையை எடுத்துவிட்டால் மற்றவர் தயங்குவர் எனத் தெரிந்தால், சிறிது சிறிதாக உண்டு அவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்கிறார் இமாம். பழத்தை முதலில் பரிமாற வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணத்தையே காட்டுகிறார். காண வந்தவருக்கு இருப்பதைக் கொடுக்க வேண்டும், அதற்காகக் கடன்படலாகாது என்றும் எச்சரிக்கிறார். இவற்றுக்கெல்லாம் திறவுகோலாக ஒரு நுட்பமான அறிவுரையையும் சேர்க்கிறார். தனிமையிலேயே நல்லொழுங்கைப் பழகிக்கொள்பவனுக்குச் சபையில் நடிக்க வேண்டிய தேவை வராது என்பதே அது.

பழக்கம் எவ்வாறு உருவாகிறது என்பதை ‘ரியாளத்துன் நஃப்ஸ்’ என்னும் நூலில் விளக்குகிறார். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையின்றிச் செயல்களை எளிதாகப் பிறப்பிக்கும் உள்ளத்தின் நிலையே குணம். அழகிய கையெழுத்து வேண்டுபவன் தொடக்கத்தில் வருந்தி எழுதிப் பழகுகிறான். நாளடைவில் அது அவனுக்கு இயல்பாகிறது. கொடைக்குணம் வேண்டுபவனும் தன்னை வற்புறுத்திக் கொடுத்துப் பழக வேண்டும். தன் குறைகளை அறிய நான்கு வழிகளை அவர் கூறுகிறார்: ஆசான், உண்மையான நண்பன், பகைவனின் நாக்கு, மக்களோடு கலந்து பழகிப் பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுதல். ராஸீ சுட்டிய நண்பன் இங்கும் வருகிறான்.

‘கஸ்ருஷ் ஷஹ்வதைன்’ என்னும் நூலில் பசியின் பத்துப் பயன்களை விவரித்துவிட்டு, இமாம் செயல்முறைக்கு வருகிறார். மிகுதியாக உண்டு பழகியவன் ஒரே நாளில் குறைத்தால் அவனுடைய உடல் தாங்காது. ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி உண்பவன் ஒரு ரொட்டிக்கு வர விரும்பினால், ஒரு ரொட்டியை 28 பங்காக்கி அதில் ஒரு பங்கை, அல்லது 30இல் ஒரு பங்கை, நாள்தோறும் குறைத்து வரட்டும். ஒரு மாதத்தில் இலக்கை அடைந்துவிடுவான். உடலுக்குத் தீங்கும் நேராது. எடை போட்டும் குறைக்கலாம், கண்ணளவாகவும் குறைக்கலாம். ஆன்மிகப் பெருநூலின் நடுவே இப்படியொரு கணக்கு! மனிதனைத் திருத்த விழைந்த அப்பேரறிஞர் அவனுடைய பலவீனத்தையும் எடை போட்டிருக்கிறார்.

இப்பயிற்சியின் முடிவு பட்டினி என்று எண்ணிவிடக் கூடாது. வயிற்றின் பாரமும் தெரியாமல் பசியின் வேதனையும் தெரியாமல், வயிற்றையே மறந்து வணக்கத்திலும் பணியிலும் ஈடுபடும் நடுநிலையே இலக்கு என்று இமாம் தெளிவுபடுத்துகிறார். மனித இயல்பு மிகுதியின் பக்கமே சாய்வதால்தான் குறைவை வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இப்னு கல்தூனின் சான்று

இமாம் தனிமனிதனுக்குச் சொன்னதை இப்னு கல்தூன் (1332–1406) சமூகத்தில் கண்டார். 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வின் முன்னுரைப் பகுதிகளுள் ஒன்று, உணவின் மிகுதியும் பற்றாக்குறையும் மனிதரின் உடலிலும் பண்பிலும் விளைவிக்கும் மாறுதல்களைப் பற்றியது. பாலைவாசிகளையும் வளமான பகுதியினரையும் ஒப்பிட்டு, குறைவாக உண்பவர்கள் உடலாலும் அறிவாலும் மேம்பட்டிருப்பதாக அவர் கூறுகிறார். பஞ்ச காலத்தில் வளமாக உண்டு பழகியவர்களே விரைந்து மடிகின்றனர் என்றும், அவர்களைக் கொல்வது வந்த பசியை விட முன்பிருந்த நிறைவின் பழக்கமே என்றும் கருதுகிறார். பசியைப் பழகுபவன் சிறிது சிறிதாகப் பழக வேண்டும். அதிலிருந்து மீள்பவனும் சிறிது சிறிதாகவே மீள வேண்டும் என்கிறார். கஸ்ஸாலியின் படிப்படியான முறை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வரலாற்று அறிஞர் ஒருவரின் நூலில் மீண்டும் ஒலிக்கிறது.

எச்சரிக்கைகள் இரண்டு

இந்த வரலாற்றைப் பேசும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சான்றில்லாத செய்திகளைப் பரப்புவது. வயிறு நோயின் இல்லம் என்னும் கருத்துடைய பழமொழி மேடைகளில் நபிமொழியாகவே சொல்லப்படுகிறது. அது அரபு மருத்துவர் அல்-ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று, நபியவர்களோடு அதை இணைப்பது சரியாகாது என்று இப்னுல் கையிம் (ரஹ்) (ஹி. 691–751 / கி.பி. 1292–1350) அன்றே எழுதிவிட்டார். தேவை, போதுமை, மிகை என உணவை மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டிய அறிஞர் அவர். அதுபோல, கார்டோவாவில் வாழ்ந்த இசைக்கலைஞர் ஸிர்யாப் உணவு மேசையின் நாகரிகம் முழுவதையும் கண்டுபிடித்தார் என்ற பெருமைப் பேச்சுக்குப் பெரும்பாலும் ஆதாரமாவது, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அல்-மக்கரீயின் (மறைவு: கி.பி. 1632) நூல். அவர் பழைய நூலாரை ஆதாரமாகக் கொண்டே எழுதினார் எனினும், அத்தனையையும் ஒருவர்மேல் ஏற்றுவதில் நிதானம் வேண்டும்.

இரண்டாவது, பழைய மருத்துவத்தை இன்றைய மருத்துவமாகக் கருதுவது. உடலில் நான்கு திரவங்கள் உள்ளன, அவற்றின் சமநிலையே நலம் என்ற அடிப்படையில் அம்மருத்துவர்கள் எழுதினர். அக்கோட்பாட்டை இன்றைய அறிவியல் கடந்துவிட்டது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு பொருளின் வெம்மையும் தண்மையும் இன்று நமக்குச் சட்டமாகாது. அளவு, பயிற்சி, உறக்கம், உள்ளத்தின் அமைதி ஆகியவற்றைப் பற்றி அவர்கள் வற்புறுத்தியவையே காலத்தை வென்று நிற்கின்றன.

சிதறியதை மீண்டும் சேர்த்தல்

இன்று இம்மரபு நம்மிடம் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. உண்ணும் ஒழுங்குகளை மதரஸாப் பிள்ளைகள் வரிசையாக ஒப்பிக்கின்றனர். பிஸ்மியும் வலக்கையும் நினைவில் நிற்கின்றன; அளவு மறந்துவிட்டது. உணவுப் பட்டியலை மருத்துவர் எழுதித் தருகிறார். அதில் எடை இருக்கிறது, உடன் உண்பவர் இல்லை. ரமளானுக்காக உணவுகளைச் சேமித்து வைத்துப் பல மாதங்களில் உண்ணாததை ஒரே மாதத்தில் உண்ணும் வழக்கத்தை இமாம் கஸ்ஸாலி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கண்டித்தார். அக்கண்டனத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இதன் விலை சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நமது வலீமா விருந்துகளில் நெய்ச்சோறும் இறைச்சியும் இனிப்பும் மலையாகக் குவிவதையும், அவற்றில் ஒரு பகுதி குப்பைக்குச் செல்வதையும் காண்கிறோம். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் விருந்தின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற பொருளுடைய நபிமொழி அழைப்பிதழ் எழுதும்போது நினைவுக்கு வருவதில்லை. உடலுக்குத் தீங்கு, பொருளுக்கு விரயம், சமூகத்தில் பிளவு ஆகிய மூன்றும் ஒரே விரிப்பில் நிகழ்கின்றன. மூன்றுக்கும் மருந்தை முன்னோர் ஒரே நூலில் எழுதி வைத்தது தற்செயலன்று.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும் இலங்கையிலும் ‘ஸஹன்’ என்னும் பெருந்தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் வழக்கம் இருந்து வருகிறது. சொல்லும் அரபியே. செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கை வைப்பது பெருமைக்குரிய மரபு என்று கூறி நாம் நின்றுவிடுகிறோம். அது அளவைக் கற்பிக்கும் பள்ளியும் ஆகும். தன் கை எத்தனை முறை சென்றது, எதிரிலிருப்பவரின் பங்கு எவ்வளவு எஞ்சியது என்பதை ஸஹனில் உண்பவன் கண்ணாலேயே காணலாம். தனக்கு அருகிலுள்ளதை உண்ணல், உடனிருப்பவரை மிஞ்சாதிருத்தல் ஆகியவற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினால் பழைய பயிற்சியின் உயிர் திரும்பும். நோயுற்றோருக்கும் தொற்றை அஞ்சுவோருக்கும் தனித்தட்டு வைப்பதால் குறையேதும் இல்லை; தனித்து உண்ணும் அனுமதியை இறைவேதமே தந்திருக்கிறது.

இமாம் தந்த 28இல் ஒரு பங்கு என்னும் கணக்கு இன்றைய அடுக்களைக்கும் பொருந்தும். தேநீரில் இரண்டு கரண்டிச் சீனி இடுபவர் ஒரே நாளில் நிறுத்த முயன்று மூன்றாம் நாள் பழைய நிலைக்குத் திரும்புவதை விட, ஒரு மாதத்தில் ஒரு கரண்டிக்கு வருவது உறுதியான வழி. சோற்றிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் இதையே செய்யலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டே அளவை மாற்ற வேண்டும். அறிந்தவரிடம் கேட்பதும் அம்மரபின் பகுதியே. உணவில் கைவந்த படிமுறையை நாவிலும் கையாளலாம். நாளொன்றுக்கு ஒரு கடுஞ்சொல்லைக் குறைப்பதும், விருந்து முடிந்ததும் உரிய நேரத்தில் எழுவதும், குறையைச் சுட்டும் நண்பனிடம் சினங்கொள்ளாதிருப்பதும் இதே கணக்கில் அடங்கும்.

எவரும் பார்க்காதபோது நாம் எடுக்கும் அடுத்த கவளத்தில் இப்பயிற்சி தொடங்குகிறது. அங்கே அளவைப் பழகியவர், நூறு பேர் அமர்ந்த விருந்திலும் அதை இழக்கமாட்டார். அத்தகைய பழக்கத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக.